கட்டையில் செதுக்கிய கனவு

பட்டறையில் நிற்கும் எந்தத் தொழிலாளிக்கும் ஒரு நாளாவது இந்த எண்ணம் எழாமல் இருந்திராது: இந்தப் பட்டறை நம்முடையதாக இருந்தால்? அந்த எந்திரத்தை இடம் மாற்றுவேன், அந்த மேஸ்திரியின் அதட்டலை நிறுத்துவேன், வேலை நேரத்தைக் குறைப்பேன், கூலியை உயர்த்துவேன்! சாப்பாட்டு வேளையில், பீடிப் புகைக்கு நடுவே, இப்படி எத்தனை கம்பெனிகள் எழுந்திருக்கின்றன! சங்கு ஊதியதும் எத்தனை கம்பெனிகள் கலைந்திருக்கின்றன!

வெறும் கனவு என்று தள்ளிவிடாதீர்கள், தோழர்களே! ஒருவன் எதை மாற்ற ஆசைப்படுகிறான் என்று தெரிந்தால் அவனுடைய அறிவின் அளவு தெரியும். எதை மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை என்பதும் தெரிந்தால், அவன் யார் பக்கம் நிற்கிறான் என்பதும் தெரிந்துவிடும்.

துப்பாக்கியைப் பற்றிக் கனவு கண்டு, அந்தக் கனவையே கம்பெனியாக்கி, அந்தக் கம்பெனியைச் சுற்றி ஓர் ஊரையே எழுப்பியவன் ஒருவன் இருந்தான். அமெரிக்காவில் பிறந்த சாமுவேல் கோல்ட் என்பவனே அவன். அவன் செய்த சரக்கு கொலைக் கருவி. ஆனாலும் அவன் கதை, லேத்தின் முன் நிற்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. போற்றிப் பாடவும் அல்ல, தூற்றித் தள்ளவும் அல்ல. கணக்குப் பார்க்க!

1814-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தான் சாமுவேல். தகப்பனார் கிறிஸ்டபர் கோல்ட் வாணிபத்தில் ஏறியும் இறங்கியும் பார்த்தவர். ஏழு வயது நிரம்புமுன் தாயை இழந்தான் சிறுவன். பதினோராவது வயதில் கிளாஸ்டன்பரி என்ற ஊரில் ஒரு பண்ணையில் வேலைக்கு விடப்பட்டான். மாடு கன்று பார்ப்பது, எடுபிடி செய்வது, மிச்ச நேரத்தில் பள்ளிக்கூடம். அங்கே அவன் கையில் கிடைத்தது ஓர் அறிவுக் களஞ்சிய நூல். வெடிமருந்தைப் பற்றியும், நீராவிக் கப்பல் ஓட்டிக் காட்டிய ராபர்ட் ஃபுல்டனைப் பற்றியும் அதில் படித்தான். படித்தது மனத்தில் பற்றிக்கொண்டது.

1829-இல், மாசசூசெட்ஸ் மாநிலத்து வேர் என்ற ஊரில் தகப்பனார் நடத்திய துணி ஆலையில் வேலை. அங்கிருந்த மருந்துகளும் கருவிகளும் அவனுக்கு விளையாட்டுப் பொருள்களாயின. சுதந்திர தினத்தன்று ஏரியில் ஒரு தெப்பத்தை வெடிவைத்துத் தகர்த்துக் காட்டுவதாகச் சொல்லி ஊரைக் கூட்டினான். பிறகு பள்ளிக்கூடம்; அங்கும் வெடி; அதோடு படிப்பு முடிந்தது. பிள்ளை உருப்பட வேண்டுமே என்று, 1830-இல், பதினாறு வயதில், கப்பல் வேலை பழகும்படி அனுப்பி வைத்தார் தகப்பனார்.

கப்பலின் பெயர் கோர்வோ. பாஸ்டனிலிருந்து புறப்பட்டு அது சென்ற இடம் எது தெரியுமா? நம் கல்கத்தா! கிழக்கிந்தியக் கம்பெனியார் கொடிகட்டி ஆண்டுகொண்டிருந்த கல்கத்தா!

அந்தப் பயணத்தில்தான் கனவு உருவெடுத்தது. கப்பலில் நங்கூரச் சங்கிலியை இழுக்கும் உருளை சுற்றுகிறது. சுற்றச் சுற்ற ஓரோர் இடத்தில் பூட்டிக்கொண்டு நிற்கிறது. சுக்கான் சக்கரத்தைப் பார்த்துத்தான் எண்ணம் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எதைப் பார்த்தானோ, மரக்கட்டையை எடுத்து, கத்தியால் செதுக்கி, சுழலும் உருளை கொண்ட கைத்துப்பாக்கி மாதிரி ஒன்றைச் செய்துவிட்டான்.

அந்நாளில் துப்பாக்கி என்றால் ஒரு குண்டுதான். சுட்டாயிற்றா? மருந்து கொட்டு, குண்டு போடு, குச்சியால் இடி, மறுபடி சுடு. அதற்குள் எதிரி ஆளை முடித்துவிடுவான். சுழலும் துப்பாக்கி செய்ய முயன்றோர் முன்பும் இருந்தனர். பாஸ்டன்காரர் எலிஷா காலியர் 1818-இலேயே இங்கிலாந்தில் அப்படி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அதில் உருளையைக் கையால் திருப்ப வேண்டும். கோல்ட் செய்த மாற்றம் இதுதான்: சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்தால், அந்த இழுப்பிலேயே ஒரு நெம்பு பல்சக்கரத்தைத் தள்ளும், உருளை ஓர் அறை நகரும், அடுத்த குண்டு குழலுக்கு நேராக வரும், ஒரு தாழ் விழுந்து உருளையைப் பூட்டும். ஒரே அசைவு; மூன்று வேலை.

ஊர் திரும்பினான். தகப்பனார் பணம் கொடுத்தார். இரண்டு துப்பாக்கிகள் செய்யப்பட்டன. ஒன்று சுடும்போதே வெடித்துச் சிதறியது. மற்றொன்று சரியாக இயங்கவில்லை. தகப்பனார் பையை மூடிவிட்டார்.

மூலதனம் இல்லாதவன் என்ன செய்வான்? கோல்ட் வித்தைக்காரன் ஆனான். மயக்கிச் சிரிக்க வைக்கும் வாயுவைப் பையில் அடைத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சென்றான். பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டான். நியூயார்க், லண்டன், கல்கத்தா புகழ் டாக்டர் என்று விளம்பரம் செய்தான். மக்கள் காசு கொடுத்துச் சிரித்தார்கள். அந்தக் காசு துப்பாக்கிக் கொல்லர்களுக்குக் கூலியாகப் போயிற்று. ஹார்ட்ஃபோர்டில் ஆன்சன் சேஸ், பால்டிமோரில் ஜான் பியர்சன் போன்ற கைதேர்ந்த தொழிலாளிகள் இரும்பை அறுத்து, அரத்தால் ராவி, கோல்ட்டின் மரப்பொம்மைக்கு உயிர் கொடுத்தார்கள். கோல்ட்டின் பெயர் உலகம் முழுவதும் தெரியும். பியர்சனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? முதலாளியின் முத்திரை இரும்பில் பதிகிறது. தொழிலாளியின் விரல் ரேகை எண்ணெயோடு துடைக்கப்படுகிறது!

1835-இல் இங்கிலாந்தில் காப்புரிமை. 1836 பிப்ரவரி 25-இல் அமெரிக்கக் காப்புரிமை. அதே ஆண்டு நியூஜெர்சி மாநிலத்து பேட்டர்சன் நகரில் கம்பெனி தொடங்கியது. வயது இருபத்திரண்டுகூட நிரம்பவில்லை, கனவு பலித்துவிட்டது!

பலித்ததா? 1837-இல் அமெரிக்காவில் பெரும் பண நெருக்கடி. அதே ஆண்டு இராணுவத்தார் வெஸ்ட் பாயிண்டில் வைத்துச் சோதித்துப் பார்த்து, இந்தத் துப்பாக்கி வேண்டாம் என்று தள்ளினர். அதிகாரிகளை வசப்படுத்த விருந்து வைத்தே கம்பெனிப் பணத்தைக் கரைக்கிறான் என்று பங்குதாரர்கள் முணுமுணுத்தனர். ஃபுளோரிடாவில் செமினோல் மக்களை அடக்கப் போன படைக்குக் கொஞ்சம் விற்றது. டெக்சாசுக்குக் கொஞ்சம் விற்றது. போதவில்லை. 1842-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. முதலாளிக்குத் தோல்வி, தொழிலாளிக்குப் பிழைப்பே போயிற்று.

அடுத்த சில ஆண்டுகள் கடலடி வெடிகளைச் செய்து, கப்பல்களைத் தகர்த்துக் காட்டி, சர்க்காரிடம் பணம் கேட்டுத் திரிந்தான். அதுவும் நிலைக்கவில்லை.

பிறகு எது அவனைத் தூக்கி நிறுத்தியது? போர்! போர்தான் தூக்கி நிறுத்தியது!

டெக்சாஸ் சமவெளியில் காமாஞ்சி என்னும் குடிமக்கள் குதிரையேற்றத்தில் நிகரற்றவர்கள். வெள்ளையன் ஒருமுறை சுட்டு மறுபடி மருந்திடுவதற்குள் அவர்கள் பல அம்புகளை எய்துவிடுவார்கள். தங்கள் மண்ணைக் காத்து நிற்க அவர்களுக்கு உதவியது அந்த இடைவெளிதான். 1844-இல் டெக்சாஸ் ரேஞ்சர்கள் ஐந்து குண்டு போடும் பேட்டர்சன் துப்பாக்கியோடு அவர்களை எதிர்த்தபோது அந்த இடைவெளி மறைந்தது. அந்தப் படையில் இருந்த சாமுவேல் வாக்கர் என்பவர், 1846-இல் மெக்சிகோவின்மீது அமெரிக்கா போர் தொடுத்ததும், கோல்ட்டைத் தேடி வந்தார். இருவரும் கலந்து பேசி ஆறு குண்டுத் துப்பாக்கியை வகுத்தனர். 1847 ஜனவரியில் ஆயிரம் துப்பாக்கிகளுக்கு சர்க்கார் ஆர்டர் வந்தது.

ஆர்டர் இருக்கிறது, ஆலை இல்லை! விட்னிவில்லில் எலி விட்னியின் மகன் நடத்திய பட்டறையில் அவற்றைச் செய்வித்தார் கோல்ட். அந்த ஆண்டு அக்டோபரில் வாக்கர் மெக்சிகோவில் போர்க்களத்தில் மாண்டார். கிடைத்த ஊதியத்தைக் கொண்டு கோல்ட் ஹார்ட்ஃபோர்டில் சொந்தப் பட்டறை திறந்தார். பதினாறு வயதில் கண்ட கனவு, முப்பத்துமூன்று வயதில் உண்மையிலேயே சொந்தமாயிற்று.

இனித்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும். கம்பெனி கைக்கு வந்தது. எதை மாற்றினார்?

உற்பத்தி முறையை மாற்றினார். 1849-இல் எலிஷா ரூட் என்ற திறமையான எந்திரக்காரரைக் கோடரித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து அழைத்து வந்து மேற்பார்வையாளராக்கினார். ஒரே கொல்லன் ஒரு துப்பாக்கியை முதலிலிருந்து முடிவுவரை செய்த காலம் போயிற்று. வேலை நூற்றுக்கணக்கான சிறு வேலைகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எந்திரம், ஓர் அச்சு, ஓர் அளவுக் கருவி. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் கோல்ட் அல்லர். சர்க்கார் ஆயுதச் சாலைகளான ஸ்பிரிங்ஃபீல்டிலும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியிலும் அதற்கு முன்பே அது வளர்ந்துகொண்டிருந்தது. பொதுப்பணத்தில் வளர்ந்த நுட்பம் தனியார் கையில் பொன்னாக விளைந்தது. அப்போதும் கைவேலை ஒழிந்துவிடவில்லை. கடைசியில் அரம் பிடித்து ராவிப் பொருத்துகிறவன் இல்லாமல் துப்பாக்கி முழுமை அடையவில்லை. ஒரு துப்பாக்கியின் உறுப்புகள் மாறிவிடாமல் இருக்க ஒரே எண்ணை அவற்றில் பொறித்தார்கள்.

1851-இல் லண்டன் பொருட்காட்சியில் கோல்ட்டின் சரக்கு பெரும் பெயர் பெற்றது. 1853-இல் லண்டனில், தேம்ஸ் நதிக்கரையில், பிம்லிக்கோ பகுதியில் அவர் ஒரு தொழிற்சாலை திறந்தார். துப்பாக்கி வேலையே பழகாத ஆண்களும் பெண்களும் அங்கே எந்திரங்களின் முன் நின்று துப்பாக்கி செய்ததை, 1854-இல் சார்லஸ் டிக்கன்சின் வார இதழ் வியப்போடு எழுதியது. வியப்புக்குரியதுதான். ஆனால் அதன் மறுபக்கம் என்ன? பத்தாண்டு பழகித் தேர்ந்த கொல்லனுடைய பேரம்பேசும் வலு அன்றைக்கே குறைந்தது. கைத்திறன் எந்திரத்துக்குள் புகுந்தது. எந்திரம் முதலாளியின் பெட்டிக்குள் புகுந்தது.

அந்த லண்டன் தொழிற்சாலை சில ஆண்டுகளில் மூடப்பட்டது. அந்த நாட்டுத் துப்பாக்கிகளோ கடல் கடந்தன. 1857-இல் நம் நாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களை எதிர்த்து நின்ற ஆங்கில அதிகாரிகள் பலரிடம் சுழல் துப்பாக்கி இருந்தது. அவற்றில் கோல்ட்டின் முத்திரை பெற்றவையும் உண்டு. கல்கத்தாக் கப்பலில் செதுக்கிய மரக்கட்டை இரும்பாகித் திரும்பி வந்தது!

ஹார்ட்ஃபோர்டில், ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்தை வாங்கினார் கோல்ட். வெள்ளம் வராமல் ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்துக்குக் கரை எழுப்பினார். கரை இறுகச் செடி நட்டார். அந்தச் செடியின் மிலாறுகளைக் கொண்டு நாற்காலி பின்ன ஜெர்மன் தொழிலாளரை வரவழைத்து அதையும் ஒரு தொழிலாக்கினார். 1855-இல் மாபெரும் தொழிற்சாலை எழுந்தது. உச்சியில் பொன் விண்மீன்கள் பொறித்த நீலக் கும்மட்டம். அதன் தலையில் துள்ளி நிற்கும் குதிரைக்குட்டி. கோல்ட் என்ற பெயருக்குக் குதிரைக்குட்டி என்பது பொருள்.

தொழிலாளருக்கு என்ன செய்தார்? செய்ததை மறைக்க வேண்டியதில்லை. அந்நாளில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உழைத்த ஆலைகள் ஏராளம். கோல்ட் பத்து மணி நேர வேலை என்று வகுத்தார். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டார். கைகால் கழுவ வசதி செய்தார். குடியிருக்க வீடுகள் கட்டினார். பத்திரிகை படிக்கவும் விளையாடவும் பேசிப் பழகவும் சார்ட்டர் ஓக் மண்டபம் என்று ஒரு மண்டபம் கட்டினார். வாத்தியக் குழுவும் வைத்தார்.

நல்லதுதானே என்கிறீர்களா? நல்லதுதான். ஆனால் பொறுங்கள்.

வீடு கோல்ட்டின் வீடு. மண்டபம் கோல்ட்டின் மண்டபம். குறித்த நேரத்துக்கு மேல் வந்தால் வேலை போகும். துப்பாக்கியின் அமைப்பில் இப்படித் திருத்தம் செய்யலாமே என்று யோசனை சொன்ன தொழிலாளியும் வேலை இழந்ததுண்டு! எண்ணிப் பாருங்கள். பதினாறு வயதுக் கப்பல் சிறுவன், உலகத்துத் துப்பாக்கிகளையெல்லாம் மாற்றலாம் என்று கனவு காண்கிறான், அது மேதைமை. அவனே முதலாளி ஆனபிறகு, அவன் பட்டறையில் ஒருவன் அதே கனவைக் கண்டால், அது குற்றம்!

அதோடு நின்றதா? பட்டறைக்குள் பல வேலைகள் உள் ஒப்பந்தக்காரர்கள் கையில் இருந்தன. நம் ஊர் மேஸ்திரி முறையைப் போன்றது அது. ஆளை எடுப்பவரும், கூலி பேசுபவரும், விரட்டுபவரும் அவர்களே. 1860-ஆம் ஆண்டுத் தேர்தல் காலத்தில், லிங்கனுடைய குடியரசுக் கட்சியை ஆதரித்த தொழிலாளர் பலர் கோல்ட் ஆலையிலிருந்து நீக்கப்பட்டனர். கோல்ட் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். வேலை குறைந்ததால் நீக்கினோம் என்றது நிர்வாகம். நீக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே கட்சியினராக இருந்தது எப்படி? பத்திரிகை படிக்க மண்டபம் கட்டிக் கொடுத்த கை, படித்துத் தெளிந்து ஓட்டுப் போட்டவனை வெளியே தள்ளியது.

விற்பனையிலும் அவர் எதையும் மாற்றவில்லை. கிரிமியாப் போரில் ரஷ்யாவுக்கும் சரக்கு போயிற்று, அதன் எதிரியான இங்கிலாந்துக்கும் போயிற்று. அடிமை முறையைக் காத்து நின்ற அமெரிக்கத் தென்மாநிலங்களுக்கும் 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூளும் தறுவாய் வரை துப்பாக்கிகள் சென்றன. வடநாட்டுப் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்றன. போர் மூண்டதும் வடநாட்டுக்கு விற்றார். கர்னல் பட்டமும் பெற்றார். அவர் பெயரில் திரட்டிய படை களம் காணாமலே கலைந்தது.

1862 ஜனவரி 10-ஆம் நாள், நாற்பத்தேழாவது வயதில் கோல்ட் இறந்தார். அதற்குள் அவர் ஆலைகளில் நாலு இலட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் செய்யப்பட்டிருந்தன. அவர் விட்டுச் சென்ற சொத்து ஒன்றரைக் கோடி டாலர் என்று மதிப்பிட்டனர். பிறந்த பிள்ளைகளில் ஒருவனைத் தவிர எல்லோரும் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். 1864-இல் தொழிற்சாலையின் பெரும் பகுதி தீக்கிரையாயிற்று. மனைவி எலிசபெத் அதை மீண்டும் எழுப்பினார். 1901 வரை கம்பெனியைக் கைவிடாமல் காத்தார்.

கோல்ட் விட்டுச் சென்றது அவ்வளவுதானா? இல்லை. அந்தப் பட்டறை ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. அங்கே வேலை பழகிய பிரான்சிஸ் பிராட், அமாஸ் விட்னி என்ற இரு தொழிலாளிகள் பின்னாளில் புகழ்பெற்ற எந்திரக் கம்பெனியைத் தோற்றுவித்தனர். துப்பாக்கி உறுப்பைக் கடைந்த எந்திர வகைகள் தையல் எந்திரத்தையும் சைக்கிளையும் கடைந்தன. கொல்லும் கருவிக்காகப் பழகிய கை, வாழ்வுக்கு வேண்டிய கருவியையும் செய்தது. அந்த அறிவு துப்பாக்கிக்குச் சொந்தமானதல்ல, கைக்குச் சொந்தமானது.

கதை இன்னும் முடியவில்லை. கோல்ட் இறந்து நூற்றிருபத்துநாலு ஆண்டுகளுக்குப் பிறகு, 1986 ஜனவரியில், அதே கம்பெனியின் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மோட்டார் தொழிலாளர் சங்கத்தின் கொடியின்கீழ் நின்றார்கள். நிர்வாகம் மாற்று ஆள்களை வைத்து ஆலையை ஓட்டியது. 1988-இல் இராணுவத்துக்கு எம்-16 துப்பாக்கி செய்யும் ஒப்பந்தம் கம்பெனியின் கையைவிட்டுப் போயிற்று. பனியிலும் வெயிலிலும் நாலாண்டுகள் நின்றார்கள் தொழிலாளர்கள். 1990-இல் முதலாளிகள் கம்பெனியை விற்றனர். வாங்கியவர்கள் யார்? தனியார் சிலர், கனெக்டிகட் மாநிலத்து ஓய்வூதிய நிதி, அவர்களோடு தொழிலாளர்களும்! வாயிற்கதவுக்கு வெளியே நின்றவர்கள் பங்குதாரர்களாக உள்ளே நுழைந்தார்கள்.

அந்த வெற்றி நீடித்ததா? 1992-இல் கம்பெனி திவாலாயிற்று. வேறு கைக்கு மாறியது. 2015-இல் மீண்டும் திவால். 2021-இல் செக் நாட்டுத் துப்பாக்கிக் கம்பெனி அதை வாங்கிவிட்டது. பழைய நீலக் கும்மட்டம் இருக்கும் இடத்தைத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்க 2014-இல் சட்டம் வந்தது. எந்திரம் ஓடிய இடம் வரலாறாயிற்று.

இதில் நமக்கு உள்ள பாடம் என்ன? பங்குப் பத்திரம் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. என்ன செய்வது, யாருக்கு விற்பது, கடன் எவ்வளவு, எந்திரத்தைப் புதுப்பிப்பது எப்போது என்ற கேள்விகளைத் தீர்க்கும் அறிவும் அதிகாரமும் உழைப்பவனிடம் இருக்க வேண்டும். கணக்குப் புத்தகம் படிக்கத் தெரியாத பங்குதாரன், சாவி இல்லாத பூட்டுக்குச் சொந்தக்காரன்.

அதனால் அடுத்த முறை சாப்பாட்டு வேளையில் யாராவது கம்பெனி கட்டத் தொடங்கினால், சிரித்து விரட்டாதீர்கள். இன்னும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். உன் பட்டறையில் ஒரு தொழிலாளி உன் திட்டத்தில் குறை கண்டு சொன்னால் அவனுக்கு என்ன கிடைக்கும்: பாராட்டா, சீட்டுக் கிழிப்பா? உன் சரக்கு யார் மார்பை நோக்கிப் போகிறது என்று கேட்கும் உரிமை அதைச் செய்தவனுக்கு உண்டா, இல்லையா?

சாமுவேல் கோல்ட் துப்பாக்கியை மாற்றினார், பட்டறையை மாற்றினார், ஆற்றின் கரையைக்கூட மாற்றினார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் மட்டும் பழைய விடைதான் வைத்திருந்தார். புதிய விடை சொல்ல வேண்டியவர்கள், எந்திரத்தின் முன் நிற்கும் நாம்தான்!